செட்டிநாட்டில் ஒருநாள் வேலைக்கு ஆள் சேர்க்கும் தொழில்: ஆப் எழுதுவதற்கு முன்னாலிருந்து ஆரம்பிக்கிற வழிகாட்டி

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்களுக்கு வரும் போன் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். "தம்பி, பாத்திரம் தேய்க்க நாலு பேர், இலை எடுக்க ரெண்டு பேர் வேணும், விடியக்காலை அஞ்சு மணிக்கு கானாடுகாத்தான்ல இருக்கணும், சொன்ன ஆளு கைவிட்டுட்டாக." இந்தப் பக்கம் ஆள் தேவை. அதே நேரத்தில் காரைக்குடியில் ஏதோ ஒரு தெருவில் நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் நாலு அக்காமார் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் தொழில்.

சென்னையில் சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி இதை ஆரம்பித்தவன் நான். முதலில் ஆப் எழுதினேன். அழகான ஆப். வேலை தேடுகிறவர்களில் பதினோரு பேர்தான் அதைப் போனில் ஏற்றினார்கள், அதிலும் நாலு பேர் என் சொந்தக்காரர்கள். அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு.

முதல் படி: ஒரு மாதம் நோட்டும் பேனாவும்

காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கொத்தனார், நிமிந்தாள் (ஆண் கையாள்), சித்தாள் (பெண் கையாள்) எல்லாம் நின்று வேலைக்குப் போகும் இடம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. டீக்கடை ஓரம், பஸ் நிற்கும் முக்கு. அங்கே போய் நில்லுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு பேசுகிறார்கள், மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொள்கிறார், ஏழரைக்கு மேல் வேலை கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அதே மாதிரி சமையல் மேஸ்திரிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களிடம் இருக்கும் போன் நம்பர் பட்டியலுக்கு எந்த டேட்டாபேஸும் ஈடாகாது.

அப்புறம் பருவக் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கல்யாண வேலையும் இல்லை. வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாட்களில் ஆள் கிடைக்காது. பொங்கலுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வெளியூரிலிருந்து குடும்பங்கள் வரும், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கழுவி, ஒட்டடை அடித்து, தூண்களைத் துடைத்து வைக்க பத்துப் பேர் மூன்று நாள் வேலை செய்ய வேண்டியிருக்கும். சம்பா அறுப்பு தை, மாசியில் வந்தால் ஆண்கள் பாதிப்பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லோடு ஏற்ற ஆள் தேவைப்படுவது வேறு கணக்கு. சினிமா ஷூட்டிங் வந்தால் திடீரென்று முப்பது பேர் கேட்பார்கள், ஒரு வாரத்தில் காணாமல் போவார்கள். இந்தக் கணக்கைக் காலண்டரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டிய காலண்டரில் இரண்டு மாதம் வெறும் வெள்ளையாக இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் கையிருப்புப் பணம் என்ற ஒன்றைப் பற்றியே யோசித்தோம்.

இரண்டாம் படி: எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது

எல்லா வேலைக்கும் ஆள் தருகிறோம் என்று போர்டு வைக்காதீர்கள். நாங்கள் மூன்றோடு ஆரம்பித்தோம்: கல்யாணச் சமையல்கட்டு உதவி, பழைய வீடு சுத்தம் செய்வது, கட்டட வேலையில் சித்தாள், நிமிந்தாள். மூன்றும் எங்களுக்கு நேரில் தெரிந்த வேலை.

செப்டிக் டேங்க், சாக்கடை என்று யாராவது கேட்டால் உடனே முடியாது என்று சொல்லிவிடுங்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது குற்றம், தண்டனை உண்டு. "ஒரு மணி நேர வேலைதான் தம்பி, ரெண்டாயிரம் தாரேன்" என்று ஆசை காட்டுவார்கள். விஷவாயுவுக்கு ஒரு நிமிடம் போதும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பதினான்கு வயதுக்குக் கீழே கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படியே குற்றம், பதினெட்டு வரை அபாயமான வேலைக்குத் தடை. ஆனால் பந்தி பரிமாற லீவு நாளில் பத்தாம் வகுப்புப் பையனைக் கூட்டிவருவது இங்கே சகஜம் என்பதால் வாசலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பழைய வீட்டு வேலையில் இன்னொன்று. நாட்டு ஓட்டுக் கூரை மேல் ஏறுவது, உயரமான உத்தரத்தில் ஒட்டடை அடிப்பது, இதெல்லாம் சுத்தம் செய்யும் வேலையாகக் கணக்கில் வராது. தனியாகப் பழகிய ஆள், தனிக் கூலி, சாரம் அல்லது ஏணி வீட்டுக்காரர் பொறுப்பு. இதை வேலை பேசும்போதே கேட்டுவிடுங்கள், போன பிறகு கேட்டால் "அட ஏறுங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றுதான் பதில் வரும்.

மூன்றாம் படி: யாரிடம் காசு வாங்குவது

வேலை தேடி வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பதிவுக் கட்டணம், கமிஷன், யூனிபார்ம் காசு, "டெபாசிட்", எதுவுமே வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையும் பொதுவிதியாக இதைத்தான் சொல்கிறது. ஆனால் நம் பக்கத்துக்கு அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவா வரைக்கும் போகத் தேவையில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிகள் கதை நம் வீடுகளிலேயே உண்டு. முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போய், அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கடனும் கூடவே போகும்படி வைத்திருந்தார்கள். அந்தத் துண்டு முறையை 1921ல்தான் ஒழித்தார்கள். இன்றைக்கு ஆப்பில் "முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், வேலையில் கழித்துக்கொள்கிறோம்" என்று பட்டன் வைப்பது அதே துண்டுதான், திரையில் வருகிறது, அவ்வளவுதான். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பார்ப்பதும் கடனைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போடுவதைத்தான். முன்பணம் கேட்டு அழுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அவர்களை மகளிர் சுயஉதவிக் குழுவோடு சேர்த்துவிட்டிருக்கிறோம், நாங்கள் கடன் கொடுத்ததில்லை.

ஆக, கட்டணம் முழுக்க வேலை கொடுப்பவரிடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பத்து சதவீதம், 70 ரூபாய், நம் கட்டணம். ஜிஎஸ்டி தனி. அந்த எழுபதில் போன், பணப் பரிமாற்றச் செலவு, நல நிதி எல்லாம் போக ஐம்பது ரூபாய் கையில் நிற்கும். போன் எடுக்க இரண்டு பேருக்கு 28,000, வாடகை 5,000, சர்வர், போன், பெட்ரோல் 7,000 என்று மாதச் செலவு 40,000 ஆனால், மாதத்துக்கு 800 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாள் போனால் ஒரு ஆள்நாள்) வேலை ஓட வேண்டும். ஒரு நாளைக்கு இருபத்தேழு பேர். முகூர்த்த மாதத்தில் இது சாதாரணம். ஆடியில் எட்டு பேர் வந்தாலே பெரிது. அதனால் மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

நான்காம் படி: அன்றைய கூலி அன்றைக்கே

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆள் உங்களை நம்புவதும் நம்பாததும் சாயங்காலம் கையில் காசு வருகிறதா என்பதை வைத்துத்தான்.

ஆரம்பத்தில் நாங்கள் இதைக் கோட்டை விட்டோம். ஒரு பெரிய வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபது மாதிரி வயது நிறைவுக்குச் செய்வது), பதினான்கு பேர் அனுப்பினோம், ஊர் கூடிச் சாப்பிட்டுப் போனது, வீட்டுக்காரர் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப்போய்விட்டார். அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பதினான்கு பேரும் எங்கள் அறை வாசலில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என் கார்டில் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பணம் நாற்பது நாள் கழித்து வந்தது.

அதற்குப் பிறகு விதி இதுதான்: முந்தின நாள் மாலைக்குள் முழுக் கூலியும் வந்துசேர வேண்டும், வந்தால்தான் ஆள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரார் பணத்தை வாங்கி வைத்திருந்து பட்டுவாடா செய்வது ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குள் வரும். இப்படிப் பணத்தை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020லிருந்து தனி விதிமுறைகள் இருக்கின்றன. நீங்களே உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கி நீங்களே பிரித்துப் போடாதீர்கள். அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணம் வந்து அங்கிருந்தே கூலிக்காரர் கணக்குக்குப் போகும்படி வையுங்கள். அதோடு ஒரு நாள் கூலி முழுவதையும் கொடுக்கும் அளவுக்குச் சுழல் பணம் தனியாக வேண்டும், ஏனென்றால் வங்கி சர்வர் படுத்துவிடுவது முகூர்த்த நாளில்தான்.

யுபிஐ வந்த பிறகு எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். பெண்களில் பாதிப்பேர் கொடுத்த நம்பர் வீட்டுக்காரருடையதோ மகனுடையதோதான். காசு போய்ச் சேரும், அவர்கள் கைக்கு வராது. இப்போது எங்கள் போன் எடுக்கும் அக்கா தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார்: "இந்த நம்பருக்குப் போட்டா உங்க கைக்கு வந்துருமாக்கா?" பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவோம், இல்லை தபால் நிலையத்தில் கணக்குத் திறக்கக் கூடப் போவோம்.

வேலையை ரத்து செய்தால்? முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மேல் ரத்து என்றால் பாதிக் கூலி, ஆள் போய் நின்ற பிறகு என்றால் முழுக் கூலி. வேலை கொடுப்பவர்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

ஐந்தாம் படி: டெக்னாலஜி, கொஞ்சம்தான்

வேலை தேடுகிறவருக்கு ஆப் வேண்டாம். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப ஒரு குரல் பேச வேண்டும், நல்ல தமிழில், அவசரப்படாமல். நாளைக்கு வரத் தயார் என்றால் ஒன்றை அழுத்தவும், முடியாது என்றால் இரண்டு. வேலை உறுதியானதும் வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி போகும்: "நாளைக்குக் காலை ஆறு மணி. பள்ளத்தூர். பாத்திரம் தேய்க்கிற வேலை, ரெண்டு பேர். மதியம் ரெண்டு மணி வரைக்கும். கூலி எழுநூறு. சாப்பாடு உண்டு. கூட்டிட்டுப் போக வேன் வரும்." படிக்கத் தெரியாதவருக்கும் இது எழுத்து மூலமான ஒப்பந்தம் மாதிரிதான், பின்னால் தகராறு வந்தால் போட்டுக் காட்டலாம். வேலை கொடுப்பவருக்கு மட்டும் ஒரு எளிய பக்கம் போதும்.

யாருக்கு முதலில் வேலை போக வேண்டும்? பெரிய கம்பெனிகள் ஸ்டார் போட்டு, யார் குறைந்த கூலிக்கு வருகிறார்களோ அவர்களுக்குத் தள்ளுகிறார்கள். நாங்கள் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது மாதிரி வைத்தோம். கடைசியாக வேலை கிடைத்து அதிக நாளானவருக்கு முதல் அழைப்பு. அவர் மறுத்தால் அடுத்தவர். மறுத்ததற்காக வரிசையில் பின்னால் தள்ளுவதில்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பிள்ளைக்குப் பரீட்சையாக இருக்கலாம், அதைக் கம்ப்யூட்டர் தண்டிக்க என்ன இருக்கிறது? கூலியில் ஏலம் கிடையாது, எங்கள் பட்டியலில் உள்ளதுதான் கூலி. இந்த முறை முப்பது வரியில் எழுதக்கூடிய நிரல், செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம்.

ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடம் வைத்திருந்தோம். ஒருவர் ஓர் அக்காவுக்கு ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். காரணம் கேட்டதற்கு, "வேலை சுத்தம்தான், ஆனா எதிர்த்துப் பேசுறாக" என்றார். என்ன எதிர்த்துப் பேச்சு என்று விசாரித்தால், ரெண்டு மணிக்கு வேலை முடிந்தது என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். ஸ்டாரை எடுத்துவிட்டோம். குறை இருந்தால் வாயால் சொல்லட்டும், இரண்டு பக்கமும் கேட்போம். அதே மாதிரி வேலைக்குப் போனவர்களும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லலாம், அதை வைத்து மூன்று வீடுகளுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியிருக்கிறோம்.

ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக் குவிக்காதீர்கள். பெயர், போன், தெரு, தெரிந்த வேலை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் போதும். வயதில் சந்தேகம் வந்தால் ஏதாவது ஓர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குகிற ஒவ்வொரு விவரத்துக்கும் பொதுவாகக் காரணமும் சம்மதமும் வேண்டும், கேட்டால் அழிக்கவும் வேண்டும்.

ஆறாம் படி: நேரமும் கூலியும்

கல்யாணச் சமையல்கட்டில் காலை நாலு மணிக்குப் போனால் சாயங்காலம் நாலு மணி. பன்னிரண்டு மணி நேரம். "ஒரு நாள் கூலி" என்று பேசினால் அந்த நாளுக்கு எல்லை கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு 720 ரூபாய் என்றால் மணிக்கு 90. அதற்கு மேல் உள்ள நாலு மணி நேரத்துக்கு இரட்டிப்பு, மணிக்கு 180, ஆக இன்னொரு 720. மொத்தம் 1,440. இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும் ஒரு சமையல் மேஸ்திரி எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து, "அப்ப ரெண்டு பொழுதாப் பிரிச்சுக் குடுங்க" என்றார். நாலு மணியிலிருந்து பத்து, பத்திலிருந்து நாலு. நாலு பேர் வேலை எட்டுப் பேருக்குப் போனது, யாரும் இடுப்பொடிந்து வீட்டுக்குப் போகவில்லை, அவருக்கும் பெரிதாகச் செலவு கூடவில்லை.

அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் வேலைக்கு வேலை மாறும், அதற்குக் கீழே போகவே கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதையும் சட்டம் தடுக்கிறது. வீடு சுத்தம் செய்யும் வேலையில் ஒரே கூலிதான் வைத்திருக்கிறோம். கட்டட வேலையில் சித்தாள், நிமிந்தாள் வித்தியாசத்தை இன்னும் முழுசாக உடைக்க முடியவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. இது இந்தத் தொழிலுக்குப் பெரிய உபகாரம். ஆனால் விடியக்காலை ஐந்துக்கு முன்னாலும் ராத்திரி எட்டுக்குப் பின்னாலும் அந்த பஸ்ஸை நம்ப முடியாது. அந்த நேரத்து வேலைக்கு வண்டி வேலை கொடுப்பவர் செலவு, பெண்கள் இரண்டு பேருக்குக் குறைந்து அனுப்புவதில்லை.

ஏழாம் படி: சட்டக் காகிதங்கள்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டுத் தொழில்), கூட்டுறவுச் சங்கம், மூன்றில் எது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வேலை செய்கிறவர்களே உறுப்பினராக வேண்டும் என்றால் கூட்டுறவு, வெளியிலிருந்து முதலீடு வேண்டும் என்றால் கம்பெனி. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கும் இணையதளம் போலி. வீட்டுப் பராமரிப்பு, பிளம்பிங், தச்சு மாதிரி சேவைகள் இணையத் தளம் வழியாகப் போகும்போது, சேவை செய்கிறவர் ஜிஎஸ்டி பதிவுக்குள் வராதவர் என்றால், தளமே வரி கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு சொல்கிறது, கட்டணம் நிர்ணயிக்கும் முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் தளத் தொழிலாளர் (ஆப், இணையதளம் வழியாக வேலை பெறுகிறவர்), அக்ரிகேட்டர் (அந்தத் தளத்தை நடத்துகிறவர்) எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. அக்ரிகேட்டர் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும், தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று இப்போதே கேட்டு, இந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். தமிழ்நாட்டில் தளத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமும் இருக்கிறது.

சேர்கிற ஒவ்வொருவரையும் மத்திய அரசின் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரமிலும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மதியம் இதற்கே ஒதுக்கி, எங்கள் அறையிலேயே லேப்டாப் வைத்துச் செய்கிறோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். அந்த இருபதை நாங்கள் கூலியோடு போட்டுவிடுகிறோம். ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு வராது. வடைச் சட்டி எண்ணெய் தெறித்து ஓர் அக்காவுக்குக் கை வெந்தபோதுதான் இது உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆள்நாளுக்கும் ஐந்து ரூபாய் தனிப் பெட்டியில். நகரத்தார் வியாபாரத்தில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் மகமை எடுத்துவைப்பார்கள் இல்லையா, எங்கள் கணக்கிலும் அதற்கு மகமை என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

எட்டாம் படி: யாரும் எழுதாத விஷயம்

"என்ன ஆளுக தம்பி?" ஆரம்பித்த முதல் வாரமே இந்தக் கேள்வி வரும். சமையல்கட்டு என்றால் கட்டாயம் வரும். சில பேர் நேராகக் கேட்பார்கள், சில பேர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று சுற்றி வளைப்பார்கள். எங்கள் பதில் ஒன்றுதான்: "வேலை தெரிஞ்ச ஆளுக." அதற்கு மேல் கேட்டால் வேலையை எடுப்பதில்லை. எங்கள் பதிவேட்டில் சாதிக்குக் கட்டமே கிடையாது. தெருப் பெயரை வேலை கொடுப்பவருக்குக் காட்டுவதில்லை, ஊர்ப் பெயரோடு சரி. முதல் வருடம் இதனால் போன வேலைகளைக் கணக்குப் பார்த்தால் வயிறு எரியும். தனித் தட்டு, தனி டம்ளர் வைத்த வீடு ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது எங்களுக்கு அந்த வீட்டை அறிமுகப்படுத்திய பெரியவர் இன்றுவரை பேசுவதில்லை.

பாலியல் தொந்தரவுப் புகாரும் அப்படித்தான். பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் போன் நம்பர் எங்கள் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. புகாரை ஒரு பெண்தான் கேட்க வேண்டும், அன்றைய கூலி எதுவாக இருந்தாலும் முழுசாகப் போய்விட வேண்டும்.

ஒன்பதாம் படி: வளர்வது

மதுரைக்கு வாருங்கள், திருச்சிக்கு வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டினால் எங்கள் போன் எடுக்கும் அக்காவுக்கு ஆளையும் தெரியாது, வீட்டையும் தெரியாது. தேவகோட்டை வரைக்கும்தான் போயிருக்கிறோம், அங்கேயும் அந்த ஊர்க்காரர் ஒருவர் கிடைக்கும் வரை எட்டு மாதம் காத்திருந்தோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலைக்குப் போகிறவர்களில் ஐந்து பேரை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அவர்கள் முன்னால் வரவு செலவைத் திறந்து வைக்கிறோம். கூலிப் பட்டியல் அங்கேதான் முடிவாகும். போன கூட்டத்தில் ஓர் அக்கா மகமைப் பெட்டிக் கணக்கில் 340 ரூபாய் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார், அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான்.

கடைசியாக, யாராவது எங்களை விட்டுப் போக நினைத்தால், எத்தனை நாள், என்ன வேலை, எந்தெந்த ஊரில் செய்தார்கள் என்று ஒரு தாளில் அச்சடித்து, முத்திரை வைத்துக் கொடுத்துவிடுகிறோம். போன தையில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாரம்பரிய ஹோட்டலில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். எங்களுக்கு நல்ல ஆள் ஒன்று போச்சு. இப்போது அந்த ஹோட்டலில் விசேஷம் வந்து கூடுதல் ஆள் தேவைப்பட்டால் எங்களைக் கூப்பிடுவது அவர்தான், போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "காசு முந்தின நாளே போட்டுரணும்ல?"